58 வயதில் கையில் வருவது என்ன?

தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவரிடம் ஓய்வுக் காலத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் "அதான் மாசாமாசம் பி.எஃப். பிடிக்கிறாங்களே" என்பார்கள். பதிலில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் பிடிக்கிற பணம் எங்கே போகிறது, 58 வயதில் அது என்னவாகத் திரும்பி வரும் என்று பாஸ்புக்கைத் திறந்து வைத்துக் கணக்குப் போட்டவர்கள் ரொம்பவும் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. அரசு ஊழியர்களின் கதை வேறு. தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் நின்றுபோனதும், அதற்காக நடந்துவரும் போராட்டங்களும் செய்திகளில் வந்துகொண்டே இருக்கின்றன. அம்பத்தூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிற தனியார் தொழிலாளியின் ஓய்வூதியம் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை.

பி.எஃப். பாஸ்புக்கை இணையத்தில் திறந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகைகள் தெரியும். முதலாவது, ஊழியரின் பங்கு. இரண்டாவது, நிறுவனத்தின் பங்கு. மூன்றாவது, ஓய்வூதியத்துக்குப் போகிற பங்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,000 ரூபாய் வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். அவர் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 2,400 ரூபாய் பிடிக்கிறார்கள். நிறுவனமும் தன் பங்காக 2,400 கட்டுகிறது. ஆனால் நிறுவனம் கட்டுகிற தொகை முழுதாக சேமிப்புக்கு வராது. அதில், சம்பளத்தின் 8.33 சதவீத அளவு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். அதுவும் 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான் கணக்கு என்பதால் 1,250 ரூபாய். மிச்சம் 1,150 மட்டுமே பி.எஃப். கணக்கில் சேரும். ஆக மாதம் 3,550 ரூபாய் சேமிப்பு, 1,250 ரூபாய் ஓய்வூதியப் பங்கு.

அந்த மூன்றாவது தொகையைப் பலரும் தங்கள் பெயரில் சேர்ந்துகொண்டிருக்கிற பணம் என்று நினைக்கிறார்கள். அதற்கு வட்டி கிடையாது. அது எல்லோருடைய பணமும் சேர்ந்த ஒரு பொது நிதிக்குப் போகிறது. 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிற ஊழியர் ஓய்வூதியத் திட்டம் அது. திரும்பி வருவது ஒரு வாய்ப்பாட்டின்படி. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை, எத்தனை ஆண்டு சர்வீஸ் இருக்கிறதோ அதால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு 15,000தான். இந்த வரம்பு 2014 செப்டம்பரில் 6,500லிருந்து உயர்த்தப்பட்டது.

28 ஆண்டு வேலை பார்த்து 58இல் ஓய்வு பெறுபவருக்கு, 20 ஆண்டு தாண்டியதற்காக 2 ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். 15,000 பெருக்கல் 30, வகுத்தல் 70. மாதம் 6,428 ரூபாய். ஒருவர் ஓய்வு பெறும்போது ஒன்றரை லட்சம் சம்பளம் வாங்கியிருந்தாலும் இதே தொகைதான். 2014க்கு முன்பிருந்தே சர்வீஸ் உள்ளவர்களுக்கு அந்தக் காலப் பகுதியைப் பழைய வரம்பில் கணக்கிடுவதால் இன்னும் குறையும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இலிருந்து 1,000 ரூபாய். அதை 7,500 ஆக்கச் சொல்லி ஓய்வூதியர்கள் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். 1,000 ரூபாயில் இன்று ஒரு மாத்திரை அட்டைக் கணக்கைக்கூட முடிக்க முடியாது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு, முதல் வேலையிலேயே 15,000க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்தவர்கள். இவர்கள் ஓய்வூதியத் திட்டத்துக்குள்ளேயே வர மாட்டார்கள். நிறுவனத்தின் முழுப் பங்கும் பி.எஃப். கணக்குக்கே போகும். சேமிப்பு கூடும். ஆனால் மாத ஓய்வூதியம் என்று எதுவும் வராது. ஐ.டி. கம்பெனிகளில் இருக்கும் இளைஞர்கள் பலர் இந்த வகை. தங்களுக்கு ஓய்வூதியம் உண்டா இல்லையா என்பதே அவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. பாஸ்புக்கில் அந்த மூன்றாவது தொகை பூஜ்யமாக இருந்தால் இல்லை என்று அர்த்தம்.

முழுச் சம்பளத்துக்கும் ஓய்வூதியம் கேட்ட வழக்கில் 2022 நவம்பர் 4இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்படி கூடுதல் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தவர்கள், விடுபட்ட பங்கை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. தகுதியுள்ளவர்களுக்கு அது நல்ல வாய்ப்புதான். இன்று வேலைக்குச் சேர்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, ஓய்வூதியம் சிறியது என்று தெரிந்துவிட்டது. அதையும் நம் ஆட்கள் முழுதாக வாங்குவதில்லை. மாத ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளிலும் மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே என்று மாறுவது சகஜம். மாறும்போதெல்லாம் படிவம் 19 போட்டு பி.எஃப். பணத்தையும், படிவம் 10சி போட்டு ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். பிரவுசிங் சென்டரில் இரண்டையும் சேர்த்தே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 10சியில் பணம் வாங்கியதும் அதுவரை செய்த சர்வீஸ் அழிந்துவிடும். அடுத்த வேலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்ட்டிபிகேட் கேட்டால், அதுவரையான சர்வீஸைப் பத்திரமாக எழுதிக் கொடுப்பார்கள். பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டாலும் சர்வீஸ் தொடரும். இருபது வருடம் உழைத்த பெண் தொழிலாளி ஒருவர், சர்வீஸ் துண்டுதுண்டாகப் போனதால் ஓய்வூதியமே இல்லாமல் நிற்பது அந்த வேலைகளில் அபூர்வம் இல்லை.

பி.எஃப். பகுதியை நடுவில் எடுப்பதன் விலை இன்னும் பெரியது. மாதம் 5,000 ரூபாய் சேருகிற கணக்கு ஒன்று. 2023-24, 2024-25 ஆண்டுகளுக்குக் கொடுத்த 8.25 சதவீத வட்டியே கடைசிவரை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது ஆண்டு முடிவில் கணக்கில் சுமார் 9 லட்சத்து 13 ஆயிரம் இருக்கும். தொடாமல் விட்டால் 28ஆவது ஆண்டு முடிவில் சுமார் 62 லட்சம். அந்தப் பத்தாவது ஆண்டில் மொத்தத்தையும் எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சேர்த்தால் கிடைப்பது சுமார் 24 லட்சம். 9 லட்சம் எடுத்ததற்கு 38 லட்சம் போகிறது. விதைநெல்லைக் குத்திச் சமைத்த மாதிரிதான் இது. எடுத்த பணம் வீட்டுக்கோ மகள் கல்யாணத்துக்கோ நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கும். இருந்தாலும் கணக்கு கணக்குதான். ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியும் முன் எடுத்தால் அதற்கு வரியும் உண்டு.

2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது. பங்களிப்பில் 25 சதவீதம் எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும், வேலை போனபின் முழுக் கணக்கையும் முடிக்க இரண்டு மாதம் என்றிருந்த காத்திருப்பு 12 மாதம் ஆகும், ஓய்வூதியப் பகுதியை எடுக்க 36 மாதம் ஆகும் என்றது. வேலை இழந்தவர்கள் கோபப்பட்டதில் அர்த்தம் இருக்கிறது. வாடகை கட்ட வழியில்லாதவனிடம் முதுமையைப் பற்றிப் பேசுவது கொடுமை. ஆனால் இந்த முடிவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டதும் பொய்யில்லை. கணக்கை முடிக்கும்போது கையில் சொற்பத் தொகையோடு போகிறவர்கள்தான் அதிகம்.

விலைவாசி என்னும் ஓட்டை

பி.எஃப்., கிராஜுவிட்டி (செய்த சர்வீஸுக்காக நிறுவனம் தரும் பணிக்கொடை) எல்லாம் சேர்த்து ஒரு பெரிய தொகை கைக்கு வந்ததும் அதைப் பார்த்து நிம்மதி வருவது இயற்கை. கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000, சர்வீஸ் 28 ஆண்டு என்றால் கிராஜுவிட்டி மட்டும் ஆறரை லட்சத்தை ஒட்டி வரும். பி.எஃப். 62 லட்சம் என்றால் ஏறக்குறைய 68 லட்சம். ஆனால் ஓய்வுக்குப் பின் நம்மை நடத்திச் செல்வது மொத்தத் தொகை இல்லை, மாதாமாதம் வருகிற பணம். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிற பணம்.

இன்று 40 வயது. சொந்த வீடு. கோவையிலோ மதுரையிலோ கணவன் மனைவி இருவருக்கு மட்டும் மாதச் செலவு 30,000 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 58 வயதில் அதே சாப்பாடு, அதே மின்கட்டணம், அதே மருந்துக்கு 85,600 ரூபாய் தேவை. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம்தான், 2 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பது அனுமதி. நான் 6 சதவீதம் வைத்தது முதியவர்களின் செலவில் மருத்துவம் அதிகம் என்பதால்.

அந்த 6,428 ரூபாய் ஓய்வூதியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கடைசிவரை 6,428தான். பஞ்சப்படி கிடையாது. 78 வயதில் அதன் வாங்கும் சக்தி 58 வயதில் 2,000 ரூபாய்க்கு இருந்த அளவுதான். அரசு ஓய்வூதியத்துக்கும் இதற்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் இதுதான். தொகை சிறியது என்பதைவிட, அது உறைந்துபோனது என்பது பெரிய குறை.

எத்தனை காலத்துக்குத் திட்டமிடுவது? 60 வயதைத் தொட்ட இந்தியர் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டு வாழ்கிறார். சராசரி என்றால் பாதிப் பேர் ஏறக்குறைய அதற்கும் மேலே வாழ்கிறார்கள் என்று பொருள். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே பத்துப் பேரில் ஒருவர் 60ஐத் தாண்டியவர். கேரளத்துக்கு அடுத்தபடி முதியவர்களின் பங்கு அதிகமுள்ள பெரிய மாநிலங்களில் நம்முடையது ஒன்று. பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள், கணவரைவிட வயதிலும் இளையவர்களாக இருக்கிறார்கள். ஆகவே கணக்கை மனைவியின் 85 அல்லது 90 வயது வரை போட வேண்டும். கணவர் 58இல் ஓய்வு பெறுகிறார், மனைவிக்கு 53 என்றால் அது 32 ஆண்டுக் கணக்கு.

அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கணக்குச் சொன்னார். சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே போனால் 30 ஆண்டு தாங்கும் என்றார். நம் ஊர் யூடியூப் சேனல்களில் இது வேதவாக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. அது அமெரிக்கப் பங்குகள், அமெரிக்கப் பத்திரங்கள், அமெரிக்க விலைவாசியை வைத்துப் போட்ட கணக்கு. நம் விலைவாசி அதைவிட வேகமாக ஏறியிருக்கிறது. ஆண்டுச் செலவைப் போல 30 மடங்கு என்று வைத்துக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு என்பது என் கணிப்பு. மேலே சொன்ன 85,600 ரூபாய்க்கு அது மூன்று கோடியைத் தொடும்.

இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து கட்டுரையை மூடிவிட வேண்டாம். 18 ஆண்டு கழித்து வரும் மூன்று கோடி, இன்றைய மதிப்பில் ஒரு கோடியே எட்டு லட்சம்தான். சம்பளமும் இடையில் ஏறும். அதோடு இந்த எண்ணைக் குறைக்க வழிகள் உண்டு. அதில் பலமான வழி, 58இல் மொத்தமாக நிறுத்தாமல் 62, 63 வரை ஏதாவது ஒரு வருமானம் வைத்திருப்பது. கணக்கு எழுதுவது, டியூஷன், தெரிந்த தொழிலில் ஆலோசனை, எதுவானாலும் சரி. சேமிப்பைத் தொடாத ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பக்கமும் உதவுகிறது: பணம் வளர்கிறது, அது தாங்க வேண்டிய காலம் குறைகிறது. ஊழியர் ஓய்வூதியத்தையும் 58இல் வாங்காமல் 60 வரை தள்ளிப் போடலாம். ஆண்டுக்கு 4 சதவீதம் கூட்டித் தருவார்கள். 50 வயதிலேயே வாங்கினால் ஆண்டுக்கு 4 சதவீதம் குறைத்துவிடுவார்கள், அந்தக் குறைவு ஆயுளுக்கும் நிற்கும். வேலை போன அவசரத்தில் 52, 53 வயதில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வளர்க்கும் காலமும் செலவழிக்கும் காலமும்

வேலையில் இருக்கும் காலத்தில் விலைவாசியை மிஞ்சி வளர்வது எதிலும் முழு உத்தரவாதத்தோடு கிடைக்காது. பி.எஃப். வட்டி விலைவாசியைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறது, வரிச்சலுகையும் உண்டு. அதனால் வட்டி தரும் வகை முதலீட்டுக்கு அதுவே போதும். யாரும் தொடங்கக்கூடிய 15 ஆண்டு பி.பி.எஃப். (பொதுச் சேமநல நிதி) கணக்கு 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம் தருகிறது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்வரை போடலாம். பி.எஃப். இல்லாத கடைக்காரருக்கும் சொந்தத் தொழில் செய்பவருக்கும் அது நல்ல இடம். ஏஜெண்ட் மாமா சொன்னாரென்று எடுத்த, காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த எண்டோமெண்ட் பாலிசிகளின் வருமானம் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. காப்பீடும் போதவில்லை, சேமிப்பும் வளரவில்லை. ஓய்வுக் காலத்துக்கு அதை நம்பியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

20 ஆண்டு கையில் இருப்பவருக்குப் பங்குச் சந்தையின் பங்கு கட்டாயம் வேண்டும். நிஃப்டி பட்டியலில் உள்ள 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கும் நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில் மாதாமாதம் போட்டாலே போதும். அதற்கு மேல் சாமர்த்தியம் தேவையில்லை. 2013 ஜனவரி முதல் தரகுக் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டங்கள் கிடைக்கின்றன. 40 வயதில் மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஃபண்டில் போடும் முறை) தொடங்கி, 18 ஆண்டு 11 சதவீதம் கிடைத்தால் சுமார் 67 லட்சம் சேரும். அதே எஸ்.ஐ.பி. தொகையை ஆண்டுதோறும் 10 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் சுமார் 1 கோடியே 30 லட்சம். 11 சதவீதம் என்பது யாரும் தருகிற வாக்குறுதி இல்லை, கணக்குக்காக வைத்தது. ஆனால் ஆண்டுக்கொரு முறை தொகையை ஏற்றுவது நம் கையில் இருக்கிறது. சம்பள உயர்வு வந்த மாதமே இதையும் ஏற்றிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது டி.வி.யாகவோ கார் தவணையாகவோ மாறிவிடும்.

என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம் 2009 மே மாதத்திலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. செலவுக் கட்டணம் மிகக் குறைவு. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும், நிறுவனம் வழியாகப் போடும் தொகைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம்வரை வரிவிலக்கு உண்டு. சம்பளத்தைப் பிரிக்கும்போது ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்க வேண்டியது இது. பலருக்கும் தயக்கம் ஏற்படுத்தியது, 60 வயதில் 40 சதவீதத்துக்குக் கட்டாயம் ஆனுயிட்டி (மொத்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆயுள்வரை மாதப் பணம் வாங்கும் ஏற்பாடு) வாங்க வேண்டும் என்ற விதி. அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு 2025 டிசம்பரில் அதை 20 சதவீதமாகக் குறைத்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு கணக்கே மாறுகிறது. வளர்க்கும் காலத்தில் சந்தை விழுந்தால் கவலையில்லை, மலிவாக வாங்குகிறோம். எடுக்கும் காலத்தில் விழுந்தால் அந்த அடி ஆறாது. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 8,000க்கும் கீழே போய் வந்தது. அந்த ஜனவரியில் ஒருவர் ஓய்வு பெற்று, ஒரு கோடியையும் பங்குகளில் வைத்து, ஆண்டுக்கு 6 லட்சம் எடுக்கிறார் என்று வையுங்கள். பாதியாக விழுந்து 50 லட்சம் ஆகிறது, செலவுக்கு 6 லட்சம் விற்கிறார், மிச்சம் 44 லட்சம். பழைய ஒரு கோடிக்குத் திரும்ப 127 சதவீதம் ஏற வேண்டும், அதுவும் அவர் மேற்கொண்டு ஒரு ரூபாயும் எடுக்காமல் இருந்தால். சந்தை பிறகு மீண்டது உண்மை. அவர் மீண்டிருப்பாரா என்பதுதான் கேள்வி. நான்கைந்து ஆண்டுச் செலவை வங்கியிலும் அஞ்சலகத்திலும் தனியே வைத்திருந்தவர், அந்தச் சமயத்தில் ஒரு பங்கையும் விற்காமல் காத்திருக்க முடிந்திருக்கும்.

அதனால் முதலில் கட்ட வேண்டியது மாத வருமானத்தின் அடித்தளம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அதற்கு ஏற்றது. 2004இல் வந்த திட்டம் இது. ஒருவருக்கான வரம்பை 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கினார்கள். அப்போதிருந்து வட்டி 8.2 சதவீதம். 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500. கணவன் மனைவி இருவருக்கும் 60 ஆகியிருந்தால் தனித்தனியே போடலாம். 58இல் ஓய்வு பெறுபவர் 60 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அதற்கான சான்றுகளோடு போய் இந்தக் கணக்கைத் தொடங்கலாம். இந்த மூன்று மாத விதி தெரியாமல் பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம்வரை போடலாம். இப்போது வட்டி 7.4 சதவீதம்.

வங்கி டெபாசிட் வைக்கும்போது, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பதை நினைவில் வையுங்கள். கூட்டுறவு வங்கியானாலும் பெரிய வங்கியானாலும் அதே வரம்புதான்.

ஆனுயிட்டி பற்றி எனக்கு இரண்டு மனம். உயிர் இருக்கும்வரை பணம் வரும் என்ற உறுதியை வேறெதுவும் தராது. ஆனால் வாங்கிய நாளில் எந்தத் தொகை எழுதப்பட்டதோ அதுவே கடைசிவரை. விலைவாசி ஏற ஏற அதுவும் கரைந்துகொண்டே போகும். 70ஐ நெருங்கும்போது ஒரு பகுதிக்கு மட்டும் வாங்குவது, 58இல் எல்லாவற்றையும் போடுவதைவிட நல்லது. வயது கூடினால் அதே பணத்துக்குக் கிடைக்கும் தொகையும் கூடும்.

மிச்சப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது பங்குச் சந்தையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 58 வயதில் "இனி எதற்கு ரிஸ்க்" என்று எல்லாவற்றையும் டெபாசிட்டில் போடுவது, 75 வயதில் பற்றாக்குறையாக வந்து நிற்கும். வரியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். புதிய வரி முறையில் 2025-26 முதல் வட்டி, ஓய்வூதியம் போன்ற வருமானம் 12 லட்சம்வரை வரி வராது. 60 வயதானவர்கள், வரி வராது என்ற உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் வங்கி வட்டியில் பிடித்தமும் இருக்காது.

ஓய்வுப் பணம் வந்த முதல் ஆறு மாதம்தான் ஆபத்தான காலம். யாருக்கு எவ்வளவு வந்தது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். மாதத்துக்கு மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களாகவோ கூட வேலை பார்த்தவர்களாகவோ இருப்பார்கள். அவர்களே ஏமாந்துகொண்டிருப்பவர்கள் என்பதால் அவர்கள் பேச்சில் கள்ளம் தெரியாது. 90களில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடப்பட்டபின் தமிழக அரசு 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் 2022இல் ஆருத்ரா நிதி நிறுவன மோசடி வழக்கைப் பார்த்தோம். எட்டேகால் சதவீதத்துக்கு மேல் உறுதியாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தரம் கேளுங்கள்.

மனை, நகை, வீடு பற்றியும் ஒரு வார்த்தை. குடியிருக்கும் வீடு வாடகையை மிச்சம் பண்ணுகிறது, அதற்கு மேல் மாதச் செலவுக்கு எதுவும் தராது. ஊருக்கு வெளியே வாங்கிப் போட்ட மனை அவசரத்துக்கு விலை போகாது, பாதியை மட்டும் விற்கவும் முடியாது. நகை விற்கலாம், ஆனால் நம் வீடுகளில் விற்கிற மனம் வராது. வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் போக வேண்டிய வீடு என்ற எண்ணத்தால் இங்கே அது எடுபடவே இல்லை.

மருத்துவச் செலவு இந்த எல்லாக் கணக்கையும் ஒரே வாரத்தில் கவிழ்க்கக்கூடியது. கம்பெனியின் குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தபின் 59 வயதில் புதிதாகத் தனிப் பாலிசி வாங்கப் போனால் பிரீமியம் மலைக்க வைக்கும். முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைத்தது, 65 வயதுக்கு மேல் பாலிசி தரமாட்டோம் என்று சொல்வதையும் தடுத்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. 45 வயதுக்குள் தனியாக ஒரு பாலிசி எடுத்து ஓடவிட்டால், ஓய்வு பெறும்போது காத்திருப்பெல்லாம் முடிந்திருக்கும். அதைச் செய்யாதவர்கள், வேலையை விடும் முன்பே குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேட்க வேண்டும். வேலையை விட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

பி.எஃப். இல்லாத ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர், வீட்டுவேலை செய்பவர் போன்றவர்களுக்கு 2015இல் வந்த அடல் பென்ஷன் திட்டம் இருக்கிறது. 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாயும், 40 வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாயும் கட்டினால் 60க்கு மேல் மாதம் 5,000 கிடைக்கும். அவருக்குப் பின் துணைவருக்கும் அதே தொகை. வருமான வரி கட்டுபவர்கள் சேர முடியாது. இதுவும் உறைந்த தொகைதான் என்றாலும் ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை.

கடைசியாகக் காகிதங்கள். தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு, இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன், ஆதாரில் முருகன் சுப்பிரமணியன், பி.எஃப். கணக்கில் முருகன் எஸ். மூன்றும் ஒரே ஆள் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, க்ளெய்ம் திரும்பி வரும். பிறந்த தேதி ஆறு மாதம் தள்ளி இருந்தாலும் அதே கதை. பழைய நிறுவனம் வேலையை விட்ட தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், அதைப் பதியும்வரை கணக்கை மாற்ற முடியாது. இவற்றில் சிலவற்றை நாமே இணையத்தில் திருத்தலாம், சிலவற்றுக்கு நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழி தர வேண்டியிருக்கும். அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால் அலைச்சல் பல மடங்கு. 58இல் ராயப்பேட்டை பி.எஃப். அலுவலக வரிசையில் நிற்பதைவிட, 45இல் வீட்டிலிருந்தபடியே சரி பார்த்துவிடலாம்.

நாமினி பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயர் போட்டதைப் பலர் மாற்றியிருக்க மாட்டார்கள். ஓய்வூதியர் இறந்தால் மனைவிக்கு அவர் வாங்கியதில் பாதிதான் வரும். 6,428 என்றால் 3,214. அந்த மாதத்திலிருந்து வீட்டின் வருமானம் குறையும், செலவு பாதியாகாது. ஆகவே மூத்த குடிமக்கள் கணக்கிலும் ஃபண்டுகளிலும் மனைவியின் பெயர் கூட்டாக இருக்க வேண்டும். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, எந்த மாதம் எது முதிர்கிறது என்று தமிழில் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். பாஸ்வேர்டு எல்லாம் கணவரின் போனிலேயே பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய.

ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பின் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச்சான்று தர வேண்டும். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் நவம்பரிலேயே தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். வேலை செய்து செய்து கைரேகை தேய்ந்தவர்களுக்கு இயந்திரத்தில் விரல் பதியாது. அவர்கள் போனில் முகத்தைக் காட்டி ஜீவன் பிரமான் என்ற இணைய உயிர்ச்சான்றைப் பதிவு செய்துகொள்ளலாம்.